இருபத்து நான்காவது துண்டு

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில். தொழிற்பயிற்சிப் பள்ளிகளைக் கண்காணிக்கும் அலுவலகம் அது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்; இதைச் சொல்லாமல் என்னால் எதையும் எழுதத் தொடங்க முடிவதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வந்து என் மேசைமேல் துணிப்பை ஒன்றை வைத்தார். ணங்கென்று சத்தம். நான் பதறி மேசைக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன்.

"உடையல தம்பி. பார்த்துத்தான் வெச்சேன்," என்றார்.

பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய உள்ளங்கை அகல இரும்புத் துண்டு. எடுத்துக் காட்டினார். நான் கை நீட்டியதும் மறுபடி சுற்றி உள்ளே போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வரேன்."

மறுநாளும் வந்தார், பையோடு திரும்பிப் போனார். மூன்றாம் நாள் கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன்.

ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கீப்பர். ஊழியர்கள் வைத்த பெயர் 'வெர்னியர்'. சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், கனத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வரமாட்டார். கல்யாணத்துக்கு முன் மாமனார் வீட்டுக்கு முதல்முறை போனபோதே கதவு நிலை கோணல் என்று சொல்லிவிட்டாராம். "அன்னைக்கே எங்கப்பா சுதாரிச்சிருக்கணும்," என்று அவர் மனைவி இன்றும் சொல்வதுண்டு.

அந்தப் பள்ளியில் ஃபிட்டர் பிரிவில் ஆண்டுக்கு இருபத்து நான்கு பேர். இறுதித் தேர்வில் ஆளுக்கொரு புது இரும்புப் பட்டையை அரத்தால் அராவி, வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைத்தான் 'ஜாப்' என்பார்கள். அதில் தேர்வு எண் பொறித்து, தேர்வாளர் மதிப்பெண் போடுவார். ஆனால் இரும்பு வந்ததாகப் பதிவேட்டில்தான் இருக்கும், ஸ்டோருக்கு வராது. அதனால் என்றோ யாரோ ஒழுங்காகச் செய்துவைத்த இருபத்து நான்கு ஜாப்கள் அலமாரியில் இருந்தன. வருடா வருடம் பழைய எண்ணை அராவி அழித்து, புது எண் பொறித்து, தேர்வாளர் முன்னால் வரிசையாக வைப்பார்கள். அலமாரிச் சாவி இவரிடம். 'இருபத்து நான்கு புதுப் பட்டைகள் வழங்கப்பட்டன' என்ற வரியின் கீழே கையெழுத்தும் இவருடையது.

"முதல் வருஷம் கையெழுத்துப் போடக் கை வரல. அப்புறம் அது பாட்டுக்குப் போடும்," என்றார்.

இப்படி நடக்கத் தொடங்கிய ஒன்பதாவது வருடம் தேர்வு எழுதியவர்களில் அவர் மகளும் ஒருத்தி. தேர்ச்சி பெற்றதும் அந்தத் துண்டை ஞாபகத்துக்குக் கேட்டாள். மகள் கேட்கிறாளே என்று கொடுத்துவிட்டார். வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டு அலமாரியைத் திறந்தால் இருபத்து மூன்று. பயிற்றுநர் கடைக்கு ஆள் அனுப்பி ஒரே ஒரு பட்டை வாங்கி, வரிசையில் கடைசி எண்காரனிடம் கொடுத்தார். இரண்டு வருடப் பயிற்சியில் அரம் பிடித்தே பழக்கமில்லாதவன் அவன். அன்று முழுக்க அராவினான். இருபத்து மூன்று பளபள துண்டுகளுக்குப் பக்கத்தில் அவனுடையது கரடுமுரடாக இருந்தது. தேர்வாளர் ஃபெயில் போட்டார்.

அவன் ஒருநாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தான்.

"சார், நான் மட்டுந்தான் செஞ்சேன். என்னை மட்டும் ஏன் சார்?"

அந்த வாரமே புகார் எழுதினார். எங்கள் ஆட்கள் சோதனைக்குப் போனார்கள். போவது இரண்டு நாள் முன்பே அங்கே தெரிந்திருந்தது. ஸ்டோரில் புது இரும்பு அடுக்கியிருந்தது. அலமாரித் துண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயாயிற்று. எங்கள் கண்காணிப்பாளர் அவரிடம், "ஆதாரம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா கோப்பை மூடிடுவேன்," என்று சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்த ஒரே ஆதாரம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பொறித்திருந்தது மகளின் எண். அவள் அப்போது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். சான்றிதழ் போனால் வேலையும் போகும்.

"வீட்ல என்ன சொல்றாங்க சார்?" என்று கேட்டேன்.

முந்தின நாள், வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னார்.

"அப்பா, அதுல இருக்கறது என் நம்பர்."

"தெரியும்மா."

"இப்ப நான் தனியா மோட்டாரையே கழட்டி மாட்டறேன். வேலை தெரியாதவளா நான்?"

"இல்லம்மா."

"அப்ப எவனோ ஒருத்தனுக்காக நான் போகணுமா?"

"அவன் ஃபெயிலானது இந்தத் துண்டு இங்க இருக்கறதால."

"நான் கேட்டேன். எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

மனைவி ரசம் வேண்டுமா என்று இரண்டு பேரையும் கேட்டாளாம்.

கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தது. அவர் எழுந்து வந்து கண்காணிப்பாளர் மேசைமேல் துண்டை வைத்து, அளவுகோலால் பிடித்துக் காட்டினார். "வரைபடத்துல பத்து மில்லிமீட்டர் கனம். இது எட்டு புள்ளி ஆறு. ஒன்பது தடவை நம்பர் அழிச்சிருக்கு. ஒரு தேர்வாளரும் கனத்தை அளக்கல." ஒப்புகைச் சீட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஐந்து மாதம் கழித்து ஆணை வந்தது. தட்டச்சு செய்தது நான். அந்தப் பள்ளியின் முதல்வர் வேறொரு பெரிய பள்ளிக்கு மாற்றம். பயிற்றுநருக்கு எச்சரிக்கை. மற்ற ஆண்டுகளுக்கு ஆதாரம் இல்லாததால், மகள் படித்த ஆண்டின் இருபத்து நான்கு சான்றிதழ்கள் மட்டும் ரத்து. பட்டியலில் அவள் எண் ஏழாவது. அடித்து முடித்து, சரிபார்த்து, அடுத்த எண்ணுக்குப் போனேன். என் பட்டச் சான்றிதழ் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அன்று சாயங்காலம் போய் அதை ஒரு தரம் பார்த்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

பள்ளிப் பொருளை அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றதற்கு ஸ்டோர் கீப்பருக்கும் ஒரு குறிப்பாணை போனது. அவர் பதிலில் ஒரே வரி: 'உண்மை.'

ஃபெயிலானவனுக்கு மறுதேர்வு அனுமதித்துக் கடிதம் அனுப்பினோம். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் அனுப்பினேன். அதுவும் வந்தது.

இப்போது அவர் வேறொரு பள்ளியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. மகள் வேலை போய், மறுதேர்வு எழுதி, தன் கையால் அராவித் தேர்ச்சி பெற்று, வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அம்மாவிடம் போனில் பேசுகிறாள். அவரிடம் பேசுவதில்லை. துண்டு எங்கள் பதிவறையில், கோப்போடு சேர்த்துக் கட்டி, மூன்றாவது தட்டில் இருக்கிறது.