தளர்ந்து கிடந்த கயிறு

மலாயாவில் என் மகளை ஒருவரும் நிலத்தில் விட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நாங்கள் பட்ட பாடெல்லாம் இதற்குள்தான் ஒளிந்திருந்தது.

என் கணவர் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அந்த ஒரு தோட்டத்துக்குள்ளேயே பிள்ளை வளர்ப்பு மூன்று விதம். துரையின் பிள்ளைக்குச் சில்லுப் பூட்டிய வண்டி, அதைத் தள்ள வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி. ரப்பர் பால்வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை: வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், நடுவில் ஒரு கிழவி, தகரக் குவளையில் பால். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு ஆமா என்று கூப்பிடும் சீனத்து ஆயா. எங்கள் ஆமா என் மகளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே சமைப்பாள், கூட்டுவாள், சந்தைக்குப் போவாள். இறக்கிவிடச் சொன்னால் முகத்தைக் கோணிக்கொள்வாள். மாதம் ஒருமுறை பட்டணத்துக் கிளினிக்கில் பிள்ளையைத் தராசில் வைப்பார்கள். நர்ஸ் முள்ளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பாள். "ஒன்றரை வயதாகியும் எழும்பி நிற்கவில்லையே" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "கொழுத்த பிள்ளை பிந்தித்தான் நடக்கும்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல?

யுத்தம் வரப்போகிறது என்று கதை அடிபடத் தொடங்கியதும் அவர் எங்கள் இருவரையும் கப்பல் ஏற்றிவிட்டார். தான் பின்னால் வருவதாகச் சொன்னார். அவருடைய ஊரான நெடுந்தீவுக்கு வந்து சேர்ந்தோம். நான் வேறு தீவுக்காரி, புளியங்கூடல். நெடுந்தீவில் அதற்கு முன் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. கொஞ்சக் காலத்தில் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். அதோடு அவரிடமிருந்து கடிதமும் நின்றது, காசும் நின்றது. அவருடைய அக்காவின் வீட்டில், என் மச்சாளின் வீட்டில்தான் ஒதுங்கியிருந்தேன். ஆமா பழக்கியபடி மகளை நானும் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. சும்மா இருந்து சாப்பிட முடியுமா? குடத்தைத் தூக்கினேன்.

நெடுந்தீவில் எல்லாக் கிணற்றிலும் நல்ல தண்ணீர் வராது. பெண்கள் கூட்டமாக வெளிக்கிட்டு, மணற்பக்கம் நடந்துபோய் அள்ளிவர வேண்டும். போகும்போது தவழும், நடக்கும் குஞ்சுகுருமான்களை மச்சாளின் வீட்டு வளவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே நின்ற பூவரசில் பிள்ளைகளைக் கட்டிவைப்பார்கள். கட்டித்தான் வைப்பார்கள். இடுப்பில் ஒரு பழஞ்சேலைத் துண்டு, அதிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு. முறைக்கு ஒருத்தி காவல் இருப்பாள்.

நான் தண்ணீருக்கு வெளிக்கிட்ட முதல்நாள், என் மகளுக்கும் ஒரு கயிறு எடுத்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"இதென்ன மச்சாள், மாட்டுப்பட்டியே? மலாயாவில கூலிச் சனத்தின்ர பிள்ளையளைக்கூட இப்பிடிக் கட்டமாட்டினம்."

"கண்டறியாத மலாயா," என்றாள் மச்சாள். இடுப்பில் இருந்த குடத்தை அவள் இறக்கவும் இல்லை. "என்ர மூத்தவன் எங்க போனவன் எண்டு உமக்குத் தெரியுமே? பின்வளவில இருக்கிற அந்தச் சுத்துக்கட்டில்லாத கிணத்துக்குள்ளதான் போனவன். நான் குசினிக்குள்ள உலை வைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகுதான் இந்த வளவில கயிறு."

ஆனாலும் ரோசம் விடவில்லை. சில நாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே தண்ணீருக்குப் போனேன். ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் குடம். வீடு வந்து சேரும்போது நாரி முறிந்துவிடும் போலிருக்கும். கடைசியில் ஒருநாள் காலை அவளைக் கொண்டுபோய்ப் பூவரசடியில் இருத்தினேன். மச்சாள் கட்டினாள்.

அன்று காவல் மச்சாளின் முறை. நான் திரும்பி வரும்போது அவள் வாசல் படலையடியில் எனக்காக நின்றாள்.

"குடத்தை வைச்சிட்டு வாரும்," என்றாள்.

மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஒரு பிள்ளை கோழிக்குஞ்சை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. இன்னொன்று கல்வேலிப் பக்கம் போகவேண்டும் என்று அடம்பிடித்துக் கத்தியது. இரண்டு பிள்ளைகள் ஒரு சிரட்டைக்காகப் பிடுங்குப்பட்டன. எல்லாருடைய கயிறும் இழுபட்டு விறைத்து நின்றது. என் மகளின் கயிறு மட்டும் மண்ணில் தளர்ந்து கிடந்தது. நான் இருத்திவிட்டுப் போன இடத்திலேயே இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"காலமை தொட்டு உதிலதான் இருக்கிறாள்," என்றாள் மச்சாள். "சிரிக்கிறாள், கதைக்கிறாள், கையை நீட்டுறாள். கால் மட்டும் அசையேல்லை. இது பிந்தி நடக்கிற பிள்ளை இல்லை, மச்சாள்."

அவளுக்கு மண்ணில் இருந்து பழக்கமில்லை என்று நான் சத்தம் போட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிறகு மகளை அவிழ்த்து அறைக்குள் தூக்கிப்போய், அவளின் காலைப் பிடித்துப் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்தது, உயிர்ப்பு இல்லை. மாதாமாதம் தராசில் ஏறிய பிள்ளை. யாரோடு கோபிப்பது? முள்ளைப் பார்த்த நர்ஸோடா, முதுகைவிட்டு இறக்காத ஆமாவோடா? ஒருவேளை ஆமாவுக்கு இது தெரிந்திருந்ததோ, தெரிந்துதான் இறக்காமல் வைத்திருந்தாளோ என்றுகூட ஒரு நினைவு வந்தது.

வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் ஒரு டாக்குத்தரிடம் காட்டினேன். அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, நரம்பில் பலமில்லை, எழும்பினால் எழும்பும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மச்சாளின் வைத்தியம். எண்ணெய் தடவி, வெயில் ஏறிய மணலில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பளவு புதைத்து நிறுத்துவாள். பிள்ளை வீரிட்டுக் கத்துவாள். நான் குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வேன். மாதக்கணக்கில் இப்படி. தண்ணீர் அள்ளிவிட்டு வரும்போதெல்லாம், படலையைத் திறக்க முதலே என் கண் கயிற்றைத்தான் தேடும். கயிறு அப்படியே கிடக்கும். அவள் எழும்பி நின்றது எத்தனையோ காலம் கழித்து, அதுவும் தடி ஊன்றித்தான். அது அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்?

ஒருநாள் வந்து பார்க்கிறேன், அவளுக்குக் கயிறே இல்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கட்டியபடி இருக்க, இவள் மட்டும் ஒரு பாயில், இடுப்பில் துண்டும் இல்லாமல் இருந்தாள்.

"ஏன் அவிட்டனீங்கள்?"

"அவளுக்கு என்னத்துக்குக் கயிறு?" என்றாள் மச்சாள். "பாவம், இடுப்புத் தோல் உரஞ்சுது. அவள் எங்க ஓடப்போறாள்?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். என்னால் தாங்க முடியாமல் போனதும் அந்த நல்ல மனதைத்தான். பிள்ளையைக் கிணற்றுக்குக் கொடுத்தவள் அவள். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கிணற்றை நினைத்துப் பயப்படுகிறவள், என் பிள்ளைக்குப் பயப்படுவதை விட்டுவிட்டாள். குடத்தை நிலத்தில் வைத்தேன்.

"கட்டுங்கோ."

"மச்சாள், சும்மா இரும்..."

"என்ர பிள்ளையையும் கட்டுங்கோ. மற்றதுகளைக் கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டுங்கோ. அவள் ஓடுவாள். கிணத்தடிக்கு ஓடுவாள். கட்டாமல் விட்டால் விழுந்துபோவாள்."

மச்சாள் குந்தி இருந்து, துண்டை மகளின் இடுப்பில் சுற்றினாள். மற்றப் பிள்ளைகளுக்குப் போடும் அதே இரட்டை முடிச்சைப் போட்டாள். அது அவிழுமா என்று இழுத்தும் பார்த்தாள்.