கிடங்குக் கடை விளக்கெண்ணெய்

மகளே, மகனே, போன ஞாயிற்றுக்கிழமை மலிவாக பிஸ்கட் டின் வாங்கலாம் என்று நீங்கள் இருவரும் நச்சரித்தபோது, அந்தக் கடைக்கு மட்டும் வேண்டாம் என்று கத்திவிட்டேன். அங்கேயே வேலை செய்துகொண்டு அங்கே சாமான் வாங்கமாட்டேன் என்றால் உங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாயா ரும்புட் கிளையில் நான் சாமான் அடுக்குகிறவன். நம் மாநிலத்தில் ஊருக்கு ஊர் இந்தக் கடைக்குக் கிளை இருக்கிறது. அலங்காரம் கிடையாது. கிடங்கு மாதிரி உயரக் கூரை, சிமெண்டுத் தரை, வாயை மட்டும் வெட்டிவிட்ட பெட்டிகளில் சாமான். மலிவில் எனக்கு வெறுப்பில்லை. தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மீன் பெட்டித் தண்ணீர் வடிந்து, நசுங்கிய பால் டின்களில் ஒட்டுவதைக்கூடத் துடைத்துவிட்டுப் பொறுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்பு, சாமி விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் லோரி நிறைய வந்து இறங்கியது. என்ன எண்ணெயோ, ஏதோ வாசனை கலந்து மஞ்சளாக இருந்தது. போத்தலில் மலாயில் 'மிஞ்ஞாக் லம்பு' என்று போட்டிருந்தது. எச்கியூ என்கிற தலைமை அலுவலகத்தில் யாரோ அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, 'விளக்கெண்ணெய்' என்று பெரிய அட்டையில் அச்சடித்து எல்லாக் கிளைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

சரிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். சரியில்லை. விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கெண்ணெய். வயிறு கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பது. எனக்கே சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் தமிழர்தான். தினமும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வருகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன். புரியவில்லையோ என்று மறுபடியும் விளக்கினேன். அவருக்கு முதலிலேயே புரிந்திருந்தது.

"தெரியும்ணே. அட்ட மாட்டுனதுக்கு அப்புறம்தான் சரக்கு ஓடுது. எச்கியூ அனுப்புனத நாம தொட முடியாது லா."

யாராவது பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என் பிள்ளைக்கு நான் பார்மசியிலதான் வாங்குவேன்."



மறுநாள் நியாலாஸ் பக்கத் தோட்டத்து அக்கா ஒருவர், ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பேத்திக்கு ரெண்டு மூணு நாளா வெளிக்குப் போகல தம்பி. ரெண்டு கரண்டி குடுத்தா போதும்ல?"

"குடிக்கிறது இல்லக்கா. சாமி விளக்குல ஊத்துறது."

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னை, தமிழ் படிக்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தமிழ்லயே எழுதியிருக்கேப்பா."

போத்தலைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம், குடிக்கும் கிளாஸ் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அவர் போத்தலைச் சட்டென்று வைத்துவிட்டு, கையை உடுப்பில் தேய்த்தார்.

"அதான் கோயில் வாசன அடிக்குது. இப்ப வர்ற எண்ணெயே இப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்."

வெளியே வரிசைக் கடைகளில் பார்மசி எங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். சூப்பர்வைசர் பின்னால் நின்றிருந்தார்.

"நல்லா யாவாரம் பாக்குறீங்கண்ணே. அடுத்து அரிசியையும் வாங்க வேணாம்னு சொல்லிருங்க."

கல்லாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். அட்டை அச்சடித்தவருக்குத் தமிழ் தெரியாது, போகட்டும். இவருக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் வாய்வரைக்கும் வந்த போத்தலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து அந்தத் திருநீற்று நெற்றியைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கடைக் காசில்தான் நம் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு கட்டளை உண்டு. எந்தப் போத்தலும் முன்முகம் காட்டித்தான் நிற்க வேண்டும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் அந்த எண்ணெய் வரிசைக்குத் தனியாகப் போனேன். மேல் தட்டிலிருந்து தொடங்கி, பிசுபிசுத்த ஒவ்வொரு போத்தலாக, சிவப்புக் கோடு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன்.