நடக்கத் தகுதி இல்லாத அக்கா

இண்டைக்குப் பின்னேரம், வாவிக்கரையில புதுசாப் போட்ட நடைபாதை.

மீன் கூடையோட வந்த ஒரு அக்காவைக் காவலாளி மறிச்சார்.

"இதால போகேலாது. இது நடக்கிற ஆக்களுக்கு."

"நானும் நடந்துதானே மனே வாறன்?"

"இது வோக்கிங் போற ஆக்களுக்கு. நீங்க ரோட்டால போங்க."

அந்த ரோட்டைப் பாத்தீங்களா? யுத்தம் முடிஞ்சு போட்ட வழுவழு காப்பட் ரோட்டு. லொறி பறக்குது, ஓரத்தில கால் வைக்க இடமில்லை.

அக்கா இருக்கிறது சுனாமி வீட்டுத் திட்டத்தில. அங்க இன்னும் பஸ் போறதில்லை.

"என்னோடதான் வாறா, விடுங்க" எண்டன், பின்னால வந்த நான். என்ர வோக்கிங் சப்பாத்தைப் பாத்திட்டு உடனே விட்டார்.

மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கின நான் நடக்கிற ஆளாம். நாலு கட்டை தூரம் நடந்து வந்த அக்கா இல்லையாம்.

உங்கட ஊரில நடக்கிறதுக்கு என்ன தகுதி கேக்கிறாங்க?