அப்பாவின் கல்வெட்டில் அண்ணையின் பெயர்

அண்ணை இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம், பெரியப்பாவின் மகன் எங்கள் விறாந்தையில் இருந்து முப்பத்தோராம் நாள் வேலைகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். ஐயர், சமையல், பந்தல் எல்லாம் ஒழுங்காயிற்று. கல்வெட்டை எப்போது அச்சகத்துக்குக் கொடுப்பது என்று கேட்டேன்.

"உவனுக்கு என்னத்தைத் தங்கச்சி எழுதுறது? ஒரு பக்கமும் வராது. பேசாமல் தேவாரப் புத்தகம் ஒண்டு அடிச்சுக் குடுப்பம்."

அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடந்த அண்ணையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான். ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். எங்களிடம் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, குடும்ப விபரம், கடைசியில் நன்றி நவிலல். படிப்பு, உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள் என்று வரலாறு எழுதுவதற்கு ஒரு வாய்பாடே இருக்கிறது. அண்ணையிடம் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும்.

அண்ணை என்னைவிட நான்கு வயது மூத்தவன். மூளை வளர்ச்சி ஆறு, ஏழு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். வேறு வீடுகளில் தமையனை 'அவர்' என்பார்கள். இவனை எங்கள் ஊர் இணுவில் முழுக்க 'அவன்' என்றது, நானும் அப்படியே பழகிவிட்டேன். இப்போது மாற்றி எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருக்கிறது.

அவனுக்கு ஒரு வேலை நன்றாக வரும். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் பம்ப் ஓடும்போது மண்வெட்டியோடு நின்று, வாய்க்காலை வெட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவான். அப்பா மாற்றினால் கதைப் பராக்கில் ஒன்றிரண்டு பாத்தி காயும். அண்ணை யாரோடும் கதைக்கமாட்டான், ஒரு பாத்தியையும் விடமாட்டான். பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து அவனைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் கையும் காலும் எப்போதும் செம்மண்தான். சாப்பிடக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும்.

வாசிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் அடையாளம் காண்பான். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வீதிக்கு வீதி அடையாள அட்டை கேட்டார்கள். அப்பாவின் அட்டையைத் தவறி எடுத்துக்கொண்டு போனால் வில்லங்கம் என்று, அம்மா அடுப்புக்கரியால் குசினி நிலத்தில் அவன் பெயரை எழுதி எழுதிப் பழக்கினா. சண்டை முடிந்த பிறகும் அட்டை அவன் சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து, பெயருக்குக் கீழே விரலை வைத்து, "இது நான்" என்பான்.

அப்பா இறந்தபோது அண்ணைதான் கொள்ளி வைத்தான். கல்வெட்டு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, ரீச்சர் அல்லவா. அந்த நேரம் எனக்குப் பக்கத்து ஊரான உடுவிலில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. முந்திய இரண்டு இடம் 'தமையன் ஒரு மாதிரியாம்' என்று நின்றுபோயிருந்தன. செத்தவீட்டுக்கு உடுவிலிலிருந்து யாரும் வரவில்லை, ஆனால் கல்வெட்டு எப்படியும் அங்கே போகும் என்று எனக்குத் தெரியும். குடும்ப விபரத்தில் 'அன்பு மகள்' என்று என் பெயரை மட்டும் எழுதினேன். தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவனின் பெயர் தகப்பனின் கல்வெட்டில் இல்லை. அச்சுக்குப் போகமுன் அம்மாவிடம் காட்டினேன். அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா.

எங்கள் ஊரில் கல்வெட்டு கைக்கு வந்ததும் யாரும் தேவாரம் படிப்பதில்லை. நேரே குடும்பப் பக்கத்துக்குப் போய், யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவன் அண்ணை மட்டும்தான். புத்தகத்தைக் கொண்டுவந்து, "என்ரை பேர் எங்கை கிடக்கு?" என்றான். சமையல்காரர் வேறு ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சல்.

"இருக்கு அண்ணை, வடிவாப் பார்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு என்னிடம் கேட்கவில்லை.

ஆண்டுத் திவசம் முடிய உடுவில் மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. ஒரு கிழமை கழித்து, அண்ணையைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, என் கணவர் சிரித்தார். விசாரித்தபோதே எல்லாம் தெரியுமாம். இரண்டு முறை எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்து அண்ணையோடு கதைத்தும் இருக்கிறாராம். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாரைக் கோபிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தானே.

அப்பா இறந்து ஆறு வருடம் கழித்து அம்மா போனா. அம்மாவின் கல்வெட்டில் அண்ணையின் பெயரை முதலாவதாகப் போட்டேன். புத்தகக் கட்டு வந்து பிரித்ததும் ஒன்றை அவனிடம் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டே போனவன் பட்டென்று நிறுத்தினான். "இது நான்" என்றான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவனோ உள்ளே போய், அப்பாவின் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதிலை எனக்குப் பிடிபடேல்லை, தங்கச்சி. நீ காட்டு."

தன் கண்ணில்தான் பிழை என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இதிலை இல்லை அண்ணை. நான்தான் எழுதாமல் விட்டனான்."

ஏன் என்று கேட்பான், அழுவான் என்று நினைத்தேன். அவன் மேசையிலிருந்த பேனையை எடுத்து நீட்டினான்.

"அப்ப இப்ப எழுது."

குடும்பப் பக்கத்தை மட்டும் விரித்து, என் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஊதிக் காயவைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லலாம். நான் பள்ளிக்கூடத்தால் வர, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, தேத்தண்ணிக்குக் காத்துக்கொண்டு இருப்பான். அவனோடு இருந்த அந்த நான்கு வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

எட்டுச் செலவு அன்று பெரியப்பாவின் மகன் எழும்பி வீட்டுக்குப் போனபிறகு, வாய்பாட்டைப் பார்த்தாவது ஏதாவது எழுதுவோம் என்று பழைய கல்வெட்டு ஒன்று தேடினேன். அண்ணையின் பெட்டிக்குள், சேட்டுகளுக்கு அடியில் அப்பாவின் கல்வெட்டு இருந்தது. நான் பேனையால் எழுதிக் கொடுத்த அதே புத்தகம். முதல் பக்கத்திலிருந்து அன்றைக்குத்தான் திறக்கிறேன்.

விநாயகர் துதியின் முதல் வரிக்குக் கீழே மங்கலாகச் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. விரல் இழுத்த கோடு. அடுத்த வரிக்குக் கீழேயும் இருந்தது. தேவாரம் முழுக்க, அப்பாவின் படிப்பு, உத்தியோகம் முழுக்க, நன்றி நவிலல், பின்னட்டையில் அச்சகத்தின் விலாசம் வரைக்கும் வரிக்கு வரி இருந்தது. சில இடத்தில் இரண்டு, மூன்று தரம் போனதில் கடதாசி மெலிந்துபோயிருந்தது. எங்காவது விட்டிருப்பான் என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரியையும் விடவில்லை. இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன்.