நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஹெலனுக்கு இது பதினோராவது வருஷம். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். பத்தாம் வகுப்போடு வீட்டில் அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். படிப்பதை அவள் நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு ஒரு நூலகப் புத்தகமும் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் தலை சாய்த்துத் தூங்குவார்கள். இவள் பக்கம் புரட்டிக்கொண்டு வருவாள்.

கவரைப்பேட்டை வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேசியவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட பரிந்துரைச் சீட்டை முதல் பக்கத்தில் ஒட்டி, புத்தகத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இந்த மாதம் ஹெலனின் முறை. அவளுக்கு இது முதல் தடவை.

புத்தகத்தைக் கொடுத்தவர் வட்டத்தின் தலைவர் ஆதிநாராயணன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பதின்பருவப் பிள்ளைகளுக்கான நாவல். வெள்ளைக்காரன் இந்தப் பக்கமே வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கதை. பழவேற்காடு ஏரிக்கு மேலே ஆகாயக் கப்பல் பறக்கிறது. பதினாறு வயது இளவரசி அதை ஓட்டுகிறாள். ஹெலனுக்குச் சிலிர்த்துவிட்டது. நடந்ததையே மாற்றி எழுத ஒருவர் துணிந்துவிட்டாரே! அந்த உலகத்தில் தன் தெரு எங்கே இருக்கும், தன் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று தேடிக்கொண்டே படித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கிடைத்தார்கள். கப்பலுக்குக் கரி அள்ளிப் போடும் கிழவனுக்குத் தாகம். கருணை மிகுந்த இளவரசி செம்பை உயர்த்தி ஊற்றுகிறாள். அவன் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிக்கிறான். கடைசிவரை அவனுக்குப் பெயர்கூட இல்லை.

ஹெலன் புத்தகத்தை மூடினாள். அவள் அம்மா ஞானம்மா ஆரணிப் பக்கம் நாற்று நட்டபோது அப்படித்தான் குடித்தாள். அது நடந்தது. நடக்காத உலகத்தைக் கட்டியவருக்கும் அதுதானா தோன்ற வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதையே கேட்டாள்.

"பிள்ளைங்க புத்தகம்மா, கற்பனைதானே?" என்றார் ஆதிநாராயணன்.

"அதான் சார் கேக்குறேன். கப்பலப் பறக்க வுட்டாரு, கிழவன் கையில ஒரு டம்ளர் குடுக்கத் தோணலையா? டம்ளர் இன்னா ராக்கெட்டா?"

பின்வரிசையில் லாரி ஓட்டும் பாக்கியராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "கரெக்ட்டுக்கா! வெள்ளக்காரன் வரல, நம்மூர் ஆளு மட்டும் அப்டியே கீறான்!"

"அது அந்தக் காலத்து வழக்கம்மா..."

"அந்தக் காலத்தையே மாத்தித்தானே சார் கதை எழுதினாரு?"

ஆதிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சீட்டை நீட்டினார். "நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிக் குடு. எழுதினவர் எனக்கு வேண்டியவர்."

ஹெலன் எழுதினாள்: 'கப்பல் அழகாகப் பறக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிய கதை சாதியை மட்டும் தொடவில்லை. படியுங்கள். 112ஆம் பக்கத்தில் நின்று, ஏன் என்று கேளுங்கள்.'

அவர் முகம் சுருங்கியது. "இதை ஒட்ட முடியாது. வேற எழுது. இல்லேன்னா இனிமே உனக்கு இங்க மேடை கிடைக்காது."

மேடை. இத்தனை வருஷம் சூப்பர்வைசர்கள் பேச அவள் கேட்டிருக்கிறாள். அவள் பேச நாற்பது பேர் கேட்டது இன்றுதான். இன்னும் பேச ஆசையாகத்தான் இருந்தது.

"மேடைய நீங்களே வெச்சிக்கோங்க சார். புத்தகம் வேணாம்னு நான் சொல்லல, பசங்க படிக்கட்டும். ஆனா பொய்க்குக் கீழ என் கையெழுத்து வராது."

மேசைமேல் இருந்த பசையை அவர் நகர்த்துவதற்குள் எடுத்துவிட்டாள். சீட்டின் நான்கு மூலையிலும் தடவி, முதல் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். அவர் அட்டையை மூடக் கை நீட்டினார்.

"ஈரமா கீது சார்," என்றாள் ஹெலன். "காயட்டும்."