மலைக்குப் போகாத லாரி

சின்னசேலம் பக்கம், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்வராயன் மலையில் யார் எப்போது மரவள்ளி பிடுங்க வேண்டும், எந்த லாரி போய் ஏற்ற வேண்டும் என்று சொல்கிற புரோகிராம் நான் எழுதியது. போனில் செய்தி வந்த பிறகுதான் மலையில் செடியில் கை வைப்பார்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாங்காது, உள்ளே கறுத்துவிடும்.

போன தை மாதம் புதிதாகச் சில மலையூர்களைச் சேர்த்ததும் புரோகிராம் பாதியில் விழுந்தது. மலைப்பாதை கிளைக்குள் கிளையாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி வரும் வழியைப் புரோகிராம் நினைவில் அடுக்கிக்கொண்டே போகும். ஸ்டாக் என்கிற அந்த அடுக்குக்கு லினக்ஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது. தாண்டினால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். நான் ஒரு வரி அடித்து அளவை உயர்த்தினேன். ஓடிவிட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த உயர்வு என் திரையை மூடும் வரைக்கும்தான் என்பது எனக்குத் தெரியாததில்லை. நிரந்தரமாக எழுதிவைக்கக் கொஞ்ச நேரம் போதும். கள்ளக்குறிச்சி பஸ் வந்துவிட்டது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. கூட வேலை பார்ப்பவர் தன் லாகினில் ஓட்டியிருக்கிறார். அங்கே பழைய அளவுதான். பிடுங்கச் சொல்லும் செய்தி முதலில் போய்விட்டது. லாரி ஒதுக்கும் இடத்தில் புரோகிராம் செத்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

லாரி வரவில்லை என்று தகவல் வந்ததும், திங்களன்று ஆலை மேஸ்திரியோடு மலைக்குப் போனேன். ரோட்டோரம் ஒரு அம்மா, ஒரு வருஷ வெள்ளாமையைக் குவித்து ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்திருந்தார். ஒரு கிழங்கை ஒடித்தேன், கறுப்பு ஓடியிருந்தது. அந்த ஊரில் அன்று செய்தி வந்தது அவருக்கு மட்டும்தான். செய்தியைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியாதவள் என்று அவர் கணவர் எல்லார் எதிரிலும் திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் மறுக்கவில்லை.

“எம்மேலதாங்க தப்பு. தேதிய மாத்திப் படிச்சிட்டேன் போல.”

அந்த அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். தேதி சரி, படித்ததும் சரி. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது எல்லா லாகினிலும் அளவை உயர்த்தி எழுதிவைத்தாயிற்று. இந்தத் தையில் செய்தி போன அன்று அந்த அம்மாவே ஆலைக்குப் போன் செய்தார்.

“புடுங்கச் சொல்லி வந்துகீது சார். நான் படிச்சது சரிதானாங்க?”

சரிதான், பிடுங்குங்கள் என்றேன். போன வருஷமும் சரியாகத்தான் படித்தீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர், மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும், மலையில் யார் யாருக்கு லாரி வரும் என்று கேட்டார். பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்.