குறை ஏதும் இல்லை என்று எழுதியவள்

நிலக்கரிச் சுரங்க ஊரான லுப்பேனியில் லவீனியா பர்சான் குடியிருந்தது நாலாவது மாடி. அதற்கு நேர் கீழே திபோர் கோச்சிஸும் அவன் மனைவி இல்திகோவும். திபோர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். லவீனியா அதே சுரங்கத்தைச் சோதிக்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது திபோர் மாடிப்படியில் வழிமறித்தான்.

"அக்கா, ஏழாம் பகுதியில மீத்தேன் சென்சாருக்குப் பிளாஸ்டிக் பை கட்டி வச்சிருக்காங்க. வாயு ஏறினா கரண்ட் தானா நின்னுடுமாம், கரி வெட்டுற வேலை கெட்டுப்போகுமாம். கழட்டப் போனா திட்டுறாங்க."

"எழுதிக் கொடு திபோர்."

"எழுதிக் கொடுத்தா நாளைக்கு நான் வீட்டுல உக்காந்து நூல்கண்டு சுத்த வேண்டியதுதான். நீங்க வந்து பாருங்கக்கா, உங்க கண்ணுல பட்டதா இருக்கட்டும்."

வியாழக்கிழமை போவதாக முடிவாயிற்று. புதன்கிழமையே அவள் மேலதிகாரி சுரங்கத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். எப்போதும் நடப்பதுதான். இறங்கிப் பார்த்தபோது சென்சார் பளபளவென்று இருந்தது. ஆனால் அதைச் சுற்றி விரலை ஓட்டியபோது பையை ஒட்டியிருந்த டேப்பின் பசை விரலில் பிசுபிசுத்தது. சற்றுத் தள்ளி நின்ற திபோர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே வந்ததும் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். அவள் பசையைப் பற்றிச் சொன்னாள்.

"பசைக்கெல்லாம் கேஸ் எழுதுவியாம்மா? இந்தப் பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கறது நாலே சுரங்கம். இதையும் மூடிட்டா ஜனங்க உன்னைக் கடைத்தெருவுல நடக்க விடுவாங்களா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். 'குறை ஏதும் இல்லை.'

அதற்குப் பதினேழாம் நாள் ஏழாம் பகுதி வெடித்தது. நாலு பேர் செத்தார்கள். திபோரின் சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

நாற்பதாம் நாள் படையல் முடிந்து இரண்டு நாள் கழித்து இல்திகோ கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு, வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி.

"அக்கா, விசாரணைக் கமிஷன்காரங்க இவர்தான் சென்சாரைச் சரியாப் பார்க்கலைன்னு எழுதப் போறாங்களாம். இன்ஸ்பெக்டர் பார்த்தப்போ நல்லா இருந்துச்சாம், அதுக்கப்புறம் கெட்டதுக்கு எலக்ட்ரீஷியன்தான் பொறுப்பாம். நீங்கதானே போய்ப் பார்த்தீங்க? அவர் அப்படிப்பட்டவர் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

லவீனியாவுக்குக் காது மடல்கூடச் சுட்டது. தன் கையெழுத்தை வைத்தே செத்தவன் தலையில் பழியைக் கட்டுகிறார்கள். செத்தவனோ அவளிடம் வந்து சொன்னவன். அந்தப் பெண் அவளுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டு வந்திருக்கிறாள்.

"இல்திகோ, உள்ளே வா. உட்காரு."

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மாடிப்படியில் கேட்டதை, போனை, பசையை, போட்ட கையெழுத்தை. சொல்லும்போது இல்திகோவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இல்திகோ அழவில்லை. "அவர் அன்னிக்கு வந்து, அக்கா பார்த்துட்டாங்க, இனிமே சரியாயிடும்னு சொன்னார். ரெண்டு தட்டு சூப் குடிச்சார்" என்றாள். எழுந்தாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அங்க போய்ச் சொல்லுங்க."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் லவீனியா அரசு வழக்கறிஞரிடம் ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தாள். விசாரணை ஒன்றரை வருஷம் இழுத்தது. திபோர் மேல் பழி இல்லை என்று ஆயிற்று. போன் போட்டதை நிரூபிக்க முடியவில்லை என்று மேலதிகாரியைப் பெரிய ஊருக்கு மாற்றினார்கள். சுரங்கத்துக்கு அபராதம் விதித்தார்கள், மூன்று வாரத்தில் மறுபடி திறந்தார்கள். லவீனியாவுக்கு வேலை போயிற்று. நிறுத்திவைத்த தண்டனை இரண்டு வருஷம். ஜெயில் இல்லை என்று வக்கீல் கைகுலுக்கியபோது அவளுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ரொட்டிக்கடையில் நிற்கிறாள். புது இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருகிறார் என்ற செய்தி முந்தின நாளே கடைக்கு வந்துவிடுகிறது, ஷிப்டுக்குப் போகிற ஆட்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். இதைச் சொல்ல இருமுறை தன் பழைய துறையின் தலைநகர அலுவலகத்துக்கு போன் செய்தாள். பெயரைச் சொன்னதும் லைனை வைத்துவிட்டார்கள்.

போன அக்டோபரில் இல்திகோ உருளைக்கிழங்கு மூட்டையோடு முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள். லவீனியா குனிந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

"விடுங்க. எனக்குத் தூக்கத் தெரியும்."

லவீனியா கையை எடுத்தாள். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். மூட்டை படிக்குப் படி இடித்துக்கொண்டு மேலே போகும் சத்தம் அடங்கி, மூன்றாவது மாடிக் கதவு சாத்தப்படுகிறவரை அங்கேயே நின்றாள்.